எம்.பி.ஏ. கட்டணமும் சம்பளமும்: ஏ.ஐ.சி.டி.இ. தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் தன்னைப் பற்றிய விவரங்களைக் குறிப்பிட்ட ஒரு படிவத்தில் நிரப்பி இணையதளத்தில் வைத்தாக வேண்டும் என்பது உங்கள் விதி. கட்டாய வெளிப்படுத்தல் என்று அதற்குப் பெயர். அறக்கட்டளையின் முகவரியில் தொடங்கி நூலகத்துப் புத்தகக் கணக்கு வரை பக்கம் பக்கமாகப் போகும் அந்தப் படிவத்தில், வேலைவாய்ப்புக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் வளாகத் தேர்வு மூலம் கிடைத்த வேலைகளின் குறைந்தபட்சச் சம்பளம், அதிகபட்சச் சம்பளம், சராசரிச் சம்பளம். இந்த மடல் அந்த வரியைப் பற்றியது. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில், தென்மாவட்டக் கிளைகளில் கல்விக் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன். எம்.பி.ஏ. சேரும்போது கல்லூரி கொடுக்கும் கட்டண விவரக் கடிதமும், படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளச் சீட்டும் ஒரே கோப்பில் வந்து சேரும் இடம் வங்கிக் கிளைதான். கல்லூரிக்கு முதல் காகிதம் தெரியும். வேலை கொடுத்த நிறுவனத்துக்கு இரண்டாவது காகிதம் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வாய்ப்பது கடன் அதிகாரிக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கும் மட்டும்தான். உங்கள் அலுவலகத்துக்கு இரண்டுமே வருவதில்லை என்பது என் அனுமானம். வந்திருந்தால் அந்த வரி இத்தனை காலம் அப்படியே இருந்திருக்காது.

முதலில் சராசரி. பத்துப் பேர் வேலைக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 4 லட்சம், ஒருவருக்கு 28 லட்சம். சராசரி 6.4 லட்சம் வருகிறது. அந்தப் பத்துப் பேரில் 6.4 லட்சம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை, அதன் கிட்டத்தில்கூட ஒருவரும் இல்லை. சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதைப் பார்த்தால், அதாவது இடைநிலை அளவை எடுத்தால், 4 லட்சம் என்ற உண்மை வந்துவிடுகிறது. இது ஒன்றும் உயர்கணிதம் அல்ல. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். அதே பிள்ளை வளர்ந்து, சொந்தப் பணத்தையும் வங்கிப் பணத்தையும் போட்டு மேலாண்மைப் படிப்பில் சேரப் போகும்போது மட்டும் இடைநிலை அளவை அவன் கண்ணில் காட்டக் கூடாது என்று யார் முடிவு செய்தார்கள்?

அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. நீங்களே படிவத்தில் கேட்டுவிட்டதால் அது அரசு முத்திரை பெற்ற தகவல்போல ஆகிவிடுகிறது. கல்லூரிப் பேருந்தின் முதுகிலும், மே மாத நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரத்திலும் அந்த எண்தான் நிற்கும். அதை வாங்கிய மாணவர் எம்.பி.ஏ.வுக்கு முன்பே மென்பொருள் நிறுவனத்தில் சில ஆண்டு அனுபவம் பெற்றவராக இருக்கலாம், வெளியில் தானே முயன்று அந்த வேலையைப் பிடித்திருக்கலாம். படத்துக்குக் கீழே அதெல்லாம் எழுத இடம் ஏது?

சராசரியைவிட மோசமானது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதைச் சொல்லாமல் விடுவது. ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்ற வாசகத்தின் இரகசியம் ‘தகுதியுள்ள மாணவர்களில்’ என்ற ஒட்டுச் சொல்லில் இருக்கிறது. 120 பேர் சேருகிறார்கள். அரியர் வைத்திருப்பவர்களைத் தகுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். வருகைப் பதிவு குறைந்தவர்களை எடுத்துவிடுவார்கள். ‘சொந்தத் தொழில் பார்க்கப் போகிறேன்’, ‘அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களையும் எடுத்துவிடுவார்கள். (அப்படி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன பிள்ளைகள் உண்டு.) கடைசியில் 72 பேர் மிஞ்சி, 72 பேருக்கும் ஏதோ ஒரு வேலை கிடைத்தால் அது நூறு சதவீதம். சேர்ந்த கணக்கில் பார்த்தால் அறுபது. ஒரே மாணவருக்கு வந்த இரண்டு பணி ஆணைகளை இரண்டாக எண்ணும் வழக்கமும் இருக்கிறது. உங்கள் படிவத்தில் வகுக்கும் எண்ணே இல்லாததால், இதில் எதையும் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

இந்த இடத்தில் என்.ஐ.ஆர்.எஃப். நினைவுக்கு வரும். 2016 முதல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் அந்தத் தரவரிசை இந்த விஷயத்தில் உங்களைவிடப் பல படி முன்னே இருக்கிறது. அதற்காகக் கல்லூரிகள் கொடுக்கும் தரவுத் தாளைப் பாருங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு. காசோலையில் எழுதுவதுபோலத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தபோது ஒரு வங்கிக்காரனாக எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. எனக்குத் தெரிந்து, கடன் கேட்டு வந்த குடும்பங்களில் ஒன்றுகூட அதைப் பார்த்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் அதிலும் ஓட்டைகள். விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் தகவல்தான் அங்கே கிடைக்கும். நாட்டில் மேலாண்மைப் படிப்பு நடத்தும் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, பட்டியலில் தெரிவது மேல்வரிசை மட்டுமே. சங்கரன்கோவில் பிள்ளை சேரப்போகும் கல்லூரி பெரும்பாலும் அதில் இருக்காது. இருந்தாலும் அது கல்லூரி தானே சொன்ன கணக்கு. சரிபார்க்கப்படாத தகவலை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள் என்ற வழக்கில் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், அந்த ஆண்டுப் பட்டியல் செப்டம்பரில்தான் வெளிவந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. எல்லாவற்றுக்கும் மேல், அந்தத் தாளில் கட்டணம் கிடையாது. நிறுவனம் எவ்வளவு செலவழித்தது என்று கேட்கிறார்கள், மாணவன் எவ்வளவு கட்டினான் என்று கேட்பதில்லை. செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று ஒரே தாளில் இருந்தால்தானே அது வரவு செலவுக் கணக்கு?

இதைச் சும்மா விடவும் முடியாது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பிணையும் ஜாமீனும் இல்லாத கடனுக்குத் தகுதியான கல்வி நிறுவனங்களைப் பெரும்பாலும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பட்டியலில் 860 நிறுவனங்கள். அதாவது ஒரு கல்லூரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட எண், இன்னொரு குடும்பத்தின் கல்விக் கடனை நிர்ணயிக்கிறது.

இனிச் சம்பளம் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தப் பகுதியில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் தன் மகளின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தார். பி.காம். முடித்து, வேறு ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்து, நிதி நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் சேர்ந்த பெண். “சார், வருஷத்துக்கு ஆறு லட்சம் என்றுதானே சொன்னார்கள்? பன்னிரண்டால் வகுத்தால் ஐம்பதாயிரம் வரவேண்டும் இல்லையா?” என்று கேட்டார். வகுத்தல் சரி. வகுத்த எண்தான் சரியில்லை. அவர் மகளின் சீட்டைப் பொதுவில் வைப்பது முறையல்ல. அதே அச்சில் ஒரு மாதிரிக் கணக்குத் தருகிறேன்.

சி.டி.சி., அதாவது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 6 லட்சம். அதில் இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை 60,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000. அடிப்படைச் சம்பளம் மாதம் 20,000 என்றால், அதில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு என்று ஆண்டுக்குச் சுமார் 11,500. பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கைக்கு வரும் பணம் இது. விற்பனை வேலையில் ஐந்தாண்டு ஒரே இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனத்தின் பங்கு, 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம், ஆண்டுக்கு 21,600. இத்தனையும் போக மீதி ஏறக்குறைய 4.95 லட்சம். மாதம் 41,200. அதில் பணியாளர் பங்கு வைப்புநிதி 1,800, தொழில் வரி என்று கழித்தால் வங்கிக் கணக்கில் விழுவது 39,000 சொச்சம். ஆறு லட்சம் என்பது நிறுவனத்துக்கு ஆகும் செலவு. அதைச் சம்பளம் என்று விளம்பரம் செய்ய உங்கள் படிவம் இடம் கொடுக்கிறது.

மறுபக்கம் தவணை. 10 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வையுங்கள். முதலாண்டில் பாதி, இரண்டாமாண்டில் பாதி பட்டுவாடா. படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் சலுகைக் காலம். சலுகைக் காலம் என்றால் வட்டி ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலும் தவணை தொடங்கும் நாளில் கடன் 12.75 லட்சமாகி நிற்கும். ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 21,800 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 18 லட்சத்தைத் தாண்டியிருக்கும். 39,000 வரவில் 21,800 போனால் மீதி 17,000 சொச்சம். சென்னையிலோ பெங்களூருவிலோ விடுதி வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதற்குள். ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

தவணை தவறினால் பிள்ளையின் சிபில் என்ற கடன் மதிப்பெண் மட்டும் கெடாது. இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட தகப்பனாருடையதும் சேர்ந்து கெடும். புதுத் தறி வாங்கக் கடன் கேட்டு அவர் வந்து நிற்கும்போது கணினித் திரை என்ன காட்டும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கட்டணக் கடிதத்திலும் சொல்ல இருக்கிறது. கல்விக் கட்டணம் ஒரு வரி. அதன்கீழ் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி, தொழிற்சாலைப் பார்வை, மடிக்கணினி, பிளேசர், கேஸ் ஸ்டடி சந்தா, வெளிநாட்டுக் கல்விப் பயணம் என்று வால் நீளும். விடுதி தனி. வெளிநாட்டுப் பயணம் விருப்பத்தின் பேரில்தான் என்பார்கள், ஆனால் வகுப்பே போகும்போது ஒரு பிள்ளை மட்டும் எப்படி ஊரில் உட்கார்ந்திருக்கும்? 2002இல் உச்ச நீதிமன்றத்தின் டி.எம்.ஏ. பாய் வழக்குத் தீர்ப்பும் அடுத்த ஆண்டு இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பும் வந்தபின் மாநிலங்களில் கட்டண நிர்ணயக் குழுக்கள் அமைந்தன. குழு நிர்ணயிக்கும் எண்ணுக்கும் கடிதத்தின் அடியில் வரும் கூட்டுத் தொகைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பார் யாரும் இல்லை. பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. பட்டம் அல்லாமல் உங்கள் ஒப்புதலோடு நேரடியாகப் பி.ஜி.டி.எம். என்ற முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்தும் தனி நிறுவனங்களில் கட்டணம் பெரும்பாலும் அவர்கள் வைத்ததுதான்.

கட்டணமும் சம்பளமும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதற்கு டெல்லி ஒன்றே போதும். டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையான எஃப்.எம்.எஸ்.ஸில் இரண்டாண்டுப் படிப்பும் சில லட்சங்களில் முடிந்துவிடுகிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் 25 லட்சத்துக்கு மேல் ஆகிறது. வேலைக்கு எடுக்க வரும் நிறுவனங்கள் இரண்டிலும் ஏறக்குறைய அவைதான். 2004இல் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி ஐ.ஐ.எம். கட்டணத்தை ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000 ஆகக் குறைக்க உத்தரவிட்டதும், ஆட்சி மாறியவுடன் அது திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு மறந்திருக்கும். அந்த உத்தரவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் விலை அதிகம் என்றால் பலனும் அதிகம் என்ற எண்ணம் எம்.பி.ஏ. விஷயத்தில் அப்படியே செல்லுபடியாகாது.

அதற்காகச் சம்பளத்தைக் கட்டணத்தால் வகுத்து ஒரு தரவரிசை போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. எஃப்.எம்.எஸ். மாணவர் நல்ல சம்பளம் வாங்குவதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, கேட் (CAT) என்ற மேலாண்மை நுழைவுத் தேர்வில் லட்சக்கணக்கானோரைத் தாண்டி அங்கே நுழைந்த அவர் திறமையின் பங்கு எவ்வளவு என்று அந்த வகுத்தல் சொல்லாது. படிப்பின் பலனை அறிய வேண்டுமானால் சேரும்போது என்ன வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் தெரிய வேண்டும். 30,000 ரூபாய் வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு படித்து, 39,000 கைக்கு வரும் வேலையில் சேர்ந்தவருக்கு, விட்டுப்போன இரண்டாண்டுச் சம்பளம் மட்டும் 7.2 லட்சம். அதைக் கட்டணத்தோடு கூட்டிப் பார்க்கும் குடும்பத்தை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். இன்னொன்று: நான் பார்த்த சம்பளச் சீட்டுகளில் சில, அதே நிறுவனத்தில் அதே விற்பனை வேலையில் பி.காம். மட்டும் முடித்துச் சேர்ந்தவருடையதைவிடச் சொற்பமே கூடுதல்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். இந்தியாவிலேயே முன்மாதிரி இருக்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னின்று உருவாக்கிய இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைத் தரநிலை, நிலையான ஆண்டுச் சம்பளம், ஒருமுறை மட்டும் தரும் தொகை, உறுதியான ரொக்கம், அதிகபட்சம் ஈட்டக்கூடிய தொகை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. அதன்படி தயாரித்த அறிக்கையை வெளித் தணிக்கையாளரிடம் கொடுத்துச் சரிபார்த்து வெளியிடுகிறார்கள். ஐ.ஐ.எம்.கள் உங்கள் அதிகாரத்துக்குள் வராதவை. யாரும் கட்டாயப்படுத்தாமலேயே அவர்களில் சிலர் செய்வதை, உங்கள் ஒப்புதல் இல்லாமல் கதவு திறக்க முடியாத கல்லூரிகள் செய்யக் கூடாதா?

பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். எல்.இ.ஓ. என்ற தரவுத் தொகுப்பில் கல்விப் பதிவுகளை வரித் துறைப் பதிவுகளோடு இணைத்து, படிப்பை முடித்து ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து என்ன சம்பாதிக்கிறார்கள் என்று அரசே வெளியிடுகிறது. கல்லூரியிடம் கேட்கவே தேவையில்லை. நம்மிடமும் பான் எண் இருக்கிறது, வைப்புநிதிக்கு யு.ஏ.என். இருக்கிறது, மாணவருக்கு அபார் அடையாள எண் வந்துவிட்டது. தனிநபர் விவரம் வெளியே தெரியாமல் கல்லூரிவாரியாகத் தொகுத்து, எண்ணிக்கை மிகக் குறைவான இடங்களை மறைத்து வெளியிடுவது முடியாத வேலை அல்ல. உலகத் தரவரிசைகளைக் காட்டி அதுபோதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் சம்பளங்களை வாங்கும் சக்திக்கேற்ப டாலராக மாற்றிப் போடுகிறார்கள். ரூபாயில் வாங்கும் இந்திய மாணவரின் சம்பளம் அங்கே பல மடங்கு ஊதித் தெரியும். ஆய்வுக்கு அது சரி, மாதத் தவணையை ரூபாயில்தான் கட்ட வேண்டும்.

கல்வியைச் சம்பளத்தை வைத்து அளக்கலாமா என்று உங்கள் குழுவிலேயே சிலர் கேட்கலாம். தமிழ் இலக்கியமோ தத்துவமோ சொல்லித்தரும் துறையைப் பார்த்து இதே கேள்வியை நான் கேட்க மாட்டேன். அவர்கள் பேருந்தின் முதுகில் சம்பளத்தை எழுதி ஆள் பிடிப்பதில்லை. எழுதுகிறவர்கள் கணக்கும் காட்டட்டும். பயிற்சி மையங்களின் ஏமாற்று விளம்பரங்களுக்கு 2024 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் போட்டுவிட்டது. சில மாதப் பயிற்சிக்கு இருக்கும் கட்டுப்பாடு, பத்து லட்ச ரூபாய்ப் படிப்புக்கு ஏன் இல்லை?

நான் கேட்பது இவ்வளவுதான். குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்ற வரியை எடுத்துவிட்டு, சேர்ந்த மாணவர் எண்ணிக்கை, அவர்களில் படிப்பை முடித்தவர்கள், முடித்து ஆறு மாதத்தில் வேலையில் இருப்பவர்கள், அவர்களின் நிலையான ஆண்டுச் சம்பளத்தின் இடைநிலை அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். முடிந்தால் கீழ்க்கால் பகுதியின் எல்லையையும், அதாவது கால்வாசிப் பேர் எந்தச் சம்பளத்துக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதையும், சேர்த்துக் கேளுங்கள். கடன் வாங்கிப் படிக்கிறவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் அதுதான். அதே பக்கத்தில், விடுதி உட்பட இரண்டாண்டுகளுக்கும் ஆகும் மொத்தத் தொகையை ஒரே எண்ணாக எழுதச் சொல்லுங்கள், அந்த எண்ணுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் விதிமீறல் என்று சொல்லுங்கள். தணிக்கையாளர் கையெழுத்து வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலைச் சேர்க்கைக் கடிதத்தோடு தமிழிலும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். இன்னொரு நகலை வங்கிக்கு அனுப்பினால், என் இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் இளம் அதிகாரிக்கு உதவியாக இருக்கும். சில கல்லூரிகளில் சேர்க்கை குறையும். குறையட்டும்.

இப்போது நடைமுறையில் இருக்கும் உங்கள் ஒப்புதல் கையேடு 2024-25 முதல் 2026-27 வரையிலான மூன்றாண்டுகளுக்கானது. அடுத்த கையேட்டில் இதைச் சேர்க்க வேண்டும். நான் சொன்னபடி ஒரு பக்க மாதிரிப் படிவம் ஒன்றைத் தயாரித்து, நிரப்பிய எடுத்துக்காட்டோடு உங்கள் டெல்லி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
திருநெல்வேலி